பார்க்கலாம்னு சொல்றது பதில் இல்லைங்க

பதிவு கொஞ்சம் நீளம். ஷிப்ட் முடிஞ்சு, குளிச்சு, சாப்பிட்டு அப்புறமா நிதானமா படிங்க.

நம்ம ஆளுங்க அதிகமா கேட்கிற ஒரு வார்த்தை ‘பார்க்கலாம்’. கம்பெனியில மேனேஜர் சொல்வார். கோயில்ல கமிட்டி சொல்லும். அரசாங்க ஆபீஸ்ல இதையே மலாய்ல ‘நந்தி’ன்னு சொல்வாங்க, அப்புறம் பார்ப்போம்னு அர்த்தம். நம்ம சிவன் சன்னதி நந்தியும் அப்படித்தான், உக்கார்ந்தா உக்கார்ந்ததுதான். நந்தனார் வந்து நின்னப்ப திருப்புன்கூர்ல நந்தி விலகி வழி விட்டார்னு சொல்வாங்க. ஆபீஸ் நந்தி அப்படியெல்லாம் விலகுறதில்லை.

நான் தொழிற்சாலை வேலைக்குப் போய் 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. எஸ்பிஎம் முடிச்சிட்டு நேரா லைனுக்குப் போனவன், இப்ப சூப்பர்வைசர். சூப்பர்வைசர் வேலைன்னா என்ன? கீழ உள்ளவங்க கேள்வியை மேல கொண்டு போகணும், மேல இருந்து வராத பதிலுக்குக் கீழ உள்ளவங்ககிட்ட சமாதானம் சொல்லணும். அவ்வளவுதான். அதனால இந்த விஷயத்தைப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன். நம்ம கோயில் வாட்ஸ்ஆப் குழுவுல அன்னதான சமையல்கட்டு வயரிங் பத்தி சில வாரமா ஓடுற சண்டையைப் பார்த்துத்தான் எழுத உக்கார்ந்தேன். வயரிங்குக்குப் பிறகு வர்றேன். அதுக்கு முன்னால சொல்ல வேண்டியது நிறைய இருக்கு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். மேல உள்ளவங்க ‘முடியாது’ன்னு சொன்னா எனக்கு வருத்தம் இருக்கும், கோவம் இருக்காது. முடியாதுன்னு தெரிஞ்சா வேற வழி தேடுவேன், வேற ஆளைப் பார்ப்பேன், இருக்கிறதை வச்சு ஓட்டுவேன். தேதி இல்லாத ‘பார்க்கலாம்’ தான் கஷ்டம். சொன்னவருக்கு அதுல ஒரு காசு செலவில்லை. செலவு முழுக்க கேட்டவன் தலையில விழுது.

நம்ம கோயிலுக்கு வர்றவங்க நிறைய பேர் தோட்டத்துப் பிள்ளைங்க. புஞ்சாக் ஆலாம்ல இப்ப யுஐடிஎம் வந்துருச்சு, மாடி வீடு வந்துருச்சு, ஆனா ஈஜோக் பக்கம் காடியைத் திருப்பினா இன்னும் செம்பனைதான். எங்க அப்பா பால்மரம் வெட்டினவர். அவர் காலத்துல விடியக்காலை பெரட்டுக் களத்துல துரை ஒரு வார்த்தை சொன்னா அன்னிக்கே அது நடக்கும். நல்ல முடிவோ கெட்ட முடிவோ, யார் எடுத்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலம் பொற்காலம்னு சொல்ல வரல. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினா லயத்து வீடு போயிரும். ஆனா யார்கிட்ட கேக்கணும்னு தெரிஞ்சிருந்தது.

தோட்டம் கைமாறினதுக்கு அப்புறம்தான் கேக்க ஆளே இல்லாம போச்சு. துரை போயிட்டார், கிராணி ஆபீஸ் பூட்டியாச்சு. லயத்துல உள்ளவங்க வீட்டைக் கேக்க யார் கதவைத் தட்டுறது?

நம்ம பக்கத்துலயே நடந்த கதை இருக்கு. பெஸ்தாரி ஜெயா தெரியும் இல்லையா, நம்ம பெரியவங்க இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைன்னுதான் சொல்வாங்க. அங்கிருந்து உலு சிலாங்கூர் பக்கம் போனா அஞ்சு தோட்டம்: மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக். இந்த அஞ்சு தோட்டத்து முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக 20 வருஷத்துக்கு மேல காத்திருந்தாங்க. 245 குடும்பம். கூட்டரசு அரசாங்கம் அந்த வீடமைப்புக்குப் பணம் ஒதுக்கி அறிவிச்சது 2023ல.

20 வருஷத்துல ஒரு குடும்பத்துல என்னவெல்லாம் நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒண்ணாம் வகுப்புக்குப் போன பிள்ளை கல்யாணம் ஆகி பிள்ளை பெத்திருக்கும். வீடு கேட்டு மனுல முதல் கையெழுத்து போட்ட அப்பா இருக்கமாட்டார்.

இதுல யாரும் ‘கொடுக்க மாட்டோம்’னு சொன்னதா எனக்குத் தோணல. பிரச்சனையே அதுதான்னு நினைக்கிறேன். நிலம் தோட்டத்தை வாங்கின நிறுவனத்துக்கிட்ட. நில விவகாரம்னாலே நம்ம நாட்டுச் சட்டப்படி மாநில அரசாங்கத்து அதிகாரம். வீடு கட்டுற பெரிய பணம் கூட்டரசு அமைச்சுகிட்ட. மூணு கையும் ஒரே நேரத்துல நீண்டாத்தான் வீடு. 2008ல இருந்து 2018 வரைக்கும் சிலாங்கூர்ல ஒரு கூட்டணி ஆட்சி, புத்ராஜெயாவுல வேற கூட்டணி ஆட்சி. ஒரு கோப்பு நடுவழியில தூங்குறதுக்கு இதைவிட நல்ல மெத்தை வேணுமா?

புத்ராஜெயான்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. அந்த ஊரே பெராங் பெசார் தோட்டத்து மேல கட்டினது. பெராங் பெசார், கேலோவே, செட்ஜ்லி, மேடிங்லி, இந்த நாலு தோட்டத்து ஜனங்களை டிங்கில்ல தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாத்தினாங்க. தரை வீடு வரும்னு அவங்களும் வருஷக்கணக்கா காத்திருந்தாங்க. அத்தனை பெரிய அரசாங்க நகரத்தை எழுப்ப முடிவெடுக்க முடிஞ்சது. அதே மண்ணுல பால் எடுத்தவங்க வீட்டுக்கு முடிவு எடுக்கத்தான் நாள் பிடிச்சது. இதை நான் கட்சி பார்த்துச் சொல்லலை. எல்லாக் கட்சி ஆட்சியிலும் நடந்ததுதான்.

அஞ்சு தோட்டத்து மக்கள்கிட்ட நான் பார்த்து வியந்தது ஒண்ணு. தோட்டத்துக்கு ஒரு கூட்டமா பிரிஞ்சு போகாம, அஞ்சு தோட்டமும் ஒரே கோரிக்கையா நின்னாங்க. 245ங்கிற எண் எல்லார் வாய்லயும் ஒரே எண்ணா இருந்தது. ‘ஏழைத் தொழிலாளிகளுக்கு உதவி செய்யுங்க’ன்னு கேட்டா எந்த அமைச்சரும் தலையாட்டிட்டுப் போயிடுவார். ‘245 வீடு’ன்னு கேட்டா கணக்குப் போட முடியும். கணக்குப் போட முடிஞ்சாத்தான் கையெழுத்துப் போட முடியும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க பழைய உற்பத்தி மேனேஜர். சீனர், ஓய்வு பெற்றுப் போயிட்டார். அதிகம் பேசமாட்டார். யார் என்ன கொண்டு போனாலும் ரெண்டே கேள்விதான். ‘பெராப்பா? பிலா?’ எவ்வளவு? எப்போ? இந்த ரெண்டுக்கும் பதில் இல்லாம போனா, கையை ஆட்டி வெளிய அனுப்பிடுவார். பதில் இருந்தா நின்ன இடத்துலயே சரி அல்லது இல்லை. அவர்கிட்ட ‘பார்க்கலாம்’ கேட்ட ஞாபகமே இல்லை எனக்கு.

அவருக்கு அப்புறம் நான் வேலை செய்த வேற ஒரு இடத்துல (பேர் வேணாம்) நடந்ததைச் சொல்றேன். பெயிண்ட் வாளி அடிக்கிற மெஷின். அச்சைக் குளிர வைக்கிற சில்லர் பழசாயிருச்சு. தண்ணி சரியா குளிராததால 22 நொடியில வர வேண்டிய வாளி 30 நொடி ஆச்சு. மணிக்கு 160 வாளி வர்ற இடத்துல 120. 12 மணி நேர ஷிப்டுக்கு ஒரு மெஷின்ல மட்டும் 480 வாளி குறையுது. மேலிடம் அதைக் கேக்கல, ஆனா ‘டார்கெட் ஏன் வரல’ன்னு மட்டும் தினம் காலையில என்னைக் கேக்கும். லைன்ல நிக்கிற பொண்ணுங்க ஓய்வு நேரத்தைக் குறைச்சு ஈடு கட்டினாங்க. பாருங்க, சில்லருக்கு முடிவு எடுக்காததுக்கு யார் கட்டணம் கட்டினாங்கன்னு.

எங்க இன்ஜினியர் தம்பி, படிச்ச பையன், மூணு பக்கத்துல மின்னஞ்சல் அனுப்பினான். வெப்பநிலை, அழுத்தம், வரைபடம் எல்லாம் இருந்தது. பதில்: ‘பார்க்கலாம்’. ஒரு மாசம் கழிச்சு ஞாபகப்படுத்தினான். ‘பார்க்கலாம்’. நாலு மாசம் ஓடிருச்சு. தம்பிக்கு மனசு விட்டுப் போச்சு, வேற வேலை தேட ஆரம்பிச்சிட்டான்.

அப்பதான் கணக்குப் பிரிவுல உள்ள ஒரு மலாய்க்கார அக்கா ஒரு விஷயம் சொன்னாங்க. ஆலை மேனேஜர் கையெழுத்துக்கு உச்சவரம்பு 20,000 வெள்ளி. சில்லர் மாத்த 38,000. அதுக்கு மேல போனா தலைமை ஆபீஸ் ஒப்புதல் வேணும். அதாவது எங்க மேனேஜருக்கு அதிகாரமே இல்லை! அதை நம்மகிட்ட சொல்ல அவருக்குக் கூச்சம். அந்தப் பெரிய மேசைக்குப் பின்னால உக்கார்ந்துகிட்டு ‘எனக்கு அதிகாரம் இல்லைப்பா’ன்னு சொல்ல எந்த மனுஷனுக்கு வாய் வரும்? அதனால ‘பார்க்கலாம்’.

தம்பியை உக்கார வச்சு ஒரே ஒரு தாள் எழுத வச்சேன். மேல, எது உடைஞ்சிருக்குன்னு ரெண்டு வரி. அதுக்குக் கீழ, ஒரு நாள் தள்ளிப் போனா எத்தனை வாளி, எத்தனை வெள்ளி நட்டம். அப்புறம் ரெண்டு வழி: ஒண்ணு புதுசு, 38,000, தலைமை ஆபீஸ் கையெழுத்து. இன்னொண்ணு, வாடகைக்கு ஒரு சில்லர், மாசம் 4,500, ஆலை மேனேஜரே கையெழுத்து போடலாம். கடைசி வரி: ‘14ஆம் தேதிக்குள் முடிவு வராவிட்டால் 3ஆம் எண் மெஷினை நிறுத்தி, அதன் தண்ணீரை மற்ற ரெண்டு மெஷினுக்குத் திருப்பி விடுகிறோம். வாளி குறையும், ஆனால் மற்ற ரெண்டும் சரியாக ஓடும்.’

கடைசி வரியைப் பார்த்து தம்பி பயந்தான். ‘அண்ணே, மிரட்டுற மாதிரி இருக்கே.’ மிரட்டல் இல்லைடா தம்பி, என் கையில இருக்கிற அதிகாரத்துக்குள்ள நான் என்ன செய்யப் போறேன்னு முன்கூட்டியே சொல்றேன், அவ்வளவுதான்னேன். மூணாம் நாள் வாடகை சில்லர் வந்து இறங்கிச்சு. அந்தத் தாளை மேனேஜரே தலைமை ஆபீஸுக்கு அனுப்பி வச்சு, ரெண்டு மாசத்துல புதுசும் வந்தது. மேனேஜர் என்மேல கோவப்படல. சொல்லப் போனா அவருக்கு நிம்மதி. நாலு மாசமா அவர் கைக்கு எட்டாத முடிவைத்தான் எல்லாரும் அவர்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தாங்க. கைக்கு எட்டுற முடிவை யாரும் கொண்டு போகல.

அதனால மேல உள்ளவங்களைத் திட்டுறதுக்கு முன்னால ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இவரால இதுக்குக் கையெழுத்து போட முடியுமா? முடியாதுன்னா வேற யாரால முடியும்? இது தெரியாம வருஷக்கணக்கா தப்பான கதவைத் தட்டிக்கிட்டு இருக்கிறவங்க எத்தனையோ பேர். நிலத்துக்கு வைபி ஆபீஸ்ல போய் நிப்பாங்க, அங்க கோப்பே இருக்காது, கோப்பு மாவட்ட நில அலுவலகத்துல இருக்கும்.

ரெண்டாவது விஷயம் தேதி. இதுக்கு கோயில் விஷயத்துலயே ஓர் உதாரணம் சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்க வேணாம். கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா பக்கம் உள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம். அந்த நிலத்தை கோலாலம்பூர் மாநகர் மன்றம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 2014லயே வித்தாச்சு. கோயில் அங்கேயே இருந்தது. 2025 மார்ச் 27, அங்க கட்டப் போற பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டு விழான்னு ஒரு தேதி வந்தது. பத்து வருஷத்துக்கு மேல கிடந்த விஷயம், அந்தத் தேதி நெருங்கினதும் சில நாள்ல முடிவாகி, சுமார் 50 மீட்டர் தள்ளி வேற இடம்னு ஆச்சு.

அந்த முடிவு சரியா தப்பான்னு வாதாட இந்தப் பதிவை எழுதல. அதுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு வருத்தம் இருக்கும். நான் பார்க்கிறது வேற. அத்தனை வருஷம் அசையாதது ஒரு தேதி வந்ததும் அசைஞ்சது. ஆனா அந்தத் தேதி நாம வச்ச தேதி இல்லை. நாம தேதி வைக்கலன்னா அடுத்தவங்க தேதி நம்ம வாசல்ல வந்து நிக்கும். அப்ப பேச நேரம் இருக்காது. நம்ம வட்டாரத்துல தோட்டத்துல இருந்து மிஞ்சி நிக்கிற சின்னக் கோயில் கமிட்டிகள் எல்லாம் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். நில மனு போட்டாச்சுன்னு ரசீதை சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சிட்டு உக்காரக் கூடாது. யார் மேசையில இருக்கு, அடுத்து எப்ப வந்து கேக்கணும்னு ஒவ்வொரு தடவையும் ஒரு தேதி வாங்கிட்டு வரணும்.

தேதி இருந்தா நம்ம ஆளுங்களை மாதிரி வேலை செய்ய யாராலும் முடியாது. கும்பாபிஷேகத்துக்கு முகூர்த்தம் குறிச்சாச்சுன்னா போதும். அந்த நாள்ல இருந்து பின்னால எண்ணிக்கிட்டே வருவோம்: யாகசாலை எப்ப, வர்ணம் எப்ப முடியணும், பாலஸ்தாபனம் எப்ப, தமிழ்நாட்டுல இருந்து ஸ்தபதி வர விசா எப்ப போடணும். யார்கிட்டயும் ‘பார்க்கலாம்’ வராது. ஆண்டுக் கூட்டம் முடிஞ்சு 60 நாளைக்குள்ள ஆர்ஓஎஸ்-க்கு அறிக்கை போகணும்னு 1966 சங்கச் சட்டம் சொல்லுது. எந்தக் கமிட்டியும் அதை லேசுல மறக்காது, பதிவுக்கே ஆபத்துன்னு தெரியும். தேதி உள்ள வேலை நடக்குது. தேதி இல்லாத வேலை வாட்ஸ்ஆப்ல நடக்குது.

எல்லா முடிவையும் அவசரமா எடுக்கணும்னு நான் சொல்லலை. மூலஸ்தானத்துல கை வைக்கிற விஷயம்னா பத்துப் பெரியவங்களைக் கேட்டு, ஆகமம் தெரிஞ்சவங்களைக் கேட்டு, ஒரு வருஷம் எடுத்துக்கிட்டாலும் சரிதான். வள்ளுவர் காலமறிதல்னு ஓர் அதிகாரமே வச்சு, அதுல கொக்கையும் இழுத்திருக்கார். கொக்கு சும்மா நிக்கலை, மீனைப் பார்த்துக்கிட்டு நிக்குது. நம்மள்ல சிலர் ஆத்துக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறோம்.

ஆனா ஒரு வகை முடிவு இருக்கு, அதுக்கு மேல யாரையும் கேக்கவே கூடாது. உயிர் சம்பந்தப்பட்டது. 1991 மே 7, சுங்கை பூலோவுல பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடிச்சது. நம்ம ஊர்ல இருந்து எவ்வளவு தூரம்? அரை மணி நேரம் இருக்குமா? 26 பேர் செத்தாங்க, நூத்துக்கும் மேல காயம். வயசுல பெரியவங்களுக்கு அந்தப் புகை இன்னும் ஞாபகம் இருக்கும். அதுக்கு மூணு வருஷம் கழிச்சு 1994ல வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. ஓஷான்னு சொல்றோமே அதுதான். அந்தச் சட்டத்தைத் திருத்தி, 2024 ஜூன் 1ல இருந்து புதுசா 26ஏ-ன்னு ஒரு பிரிவு நடப்புக்கு வந்திருக்கு. வேலை செய்யற இடத்துல உடனடி ஆபத்து இருக்குன்னு நியாயமான காரணத்தோட ஒரு தொழிலாளி நம்பினா, முதலாளி அந்த ஆபத்தை நீக்க ஒண்ணும் செய்யலன்னா, அவர் அந்த இடத்தை விட்டு, அந்த வேலையை விட்டு விலகிக்கலாம். அதுக்காக அவர் மேல நடவடிக்கை எடுக்கக் கூடாது. தொழிற்சாலையில வேலை செய்யற நம்ம தம்பி தங்கச்சிங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும். மெஷின் கவசத்தைக் கழட்டி வச்சிட்டு ‘ஓட்டுப்பா, பிறகு பார்க்கலாம்’னு யாராவது சொன்னா, அந்தப் ‘பார்க்கலாம்’க்கு நீங்க காத்திருக்க வேண்டியதில்லை.

ஜப்பான்ல டொயோட்டா கம்பெனி லைன் பக்கத்துல ஒரு கயிறு கட்டி வச்சிருந்தாங்க. கோளாறு பார்த்த தொழிலாளி அந்தக் கயிறை இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வரணும். குறிப்பிட்ட நேரத்துக்குள்ள சரி பண்ணலன்னா லைன் நின்னுடும். அந்தக் கயிறுல எனக்குப் பிடிச்சது, அது மேல உள்ளவருக்கும் ஒரு நேரம் வைக்குது. அவர் வந்தாலும் வராட்டாலும் ஒரு முடிவு நடந்துடும்.

சரி, நம்ம சமையல்கட்டு.

நடந்ததை அப்படியே சொல்றேன். சோறு வேகிற மின்சாரப் பெட்டியும் ரெண்டு கிரைண்டரும் சேர்ந்து ஓடினா இஎல்சிபி விழுது. போன திருவிழாவுல கூட்டம் வரிசையில நிக்கும்போது திரும்பத் திரும்ப விழுந்துச்சுன்னு, யாரோ இஎல்சிபி-யைத் தாண்டி நேரா ஒரு வயரை இழுத்து விட்டிருக்காங்க. யார்னு நான் தேடலை, அன்னிக்கு எண்ணூறு பேருக்குச் சோறு போட வேண்டிய அவசரம். ஆனா அந்த வயர் இன்னும் அப்படியே இருக்கு. ஈரத் தரையில வெறுங்கால்ல நின்னுதான் நம்ம அக்காமார் மாவு அரைக்கிறாங்க. ஒரு அக்காவுக்கு கையில சுர்ருன்னு அடிச்சு, பாத்திரத்தைக் கீழ போட்டுட்டாங்க. ‘அம்மா காப்பாத்தினா’ன்னு சொல்லிட்டு மறுபடியும் அரைக்க உக்கார்ந்தாங்க. அம்மன் காப்பாத்துவா, நானும் நம்புறேன். அம்மன்தான் இஎல்சிபி-யையும் கொடுத்திருக்கா.

விலை ரெண்டு வாங்கியாச்சு. முழுக்க மாத்தினா 11,600 வெள்ளி. சமையல்கட்டு மட்டும் தனி இணைப்பு, தனி பெட்டி போட்டா 4,200. பொங்கல் முடிஞ்சதுல இருந்து இது கமிட்டியில இருக்கு. ஏன் முடிவு வரலன்னு கேட்டா, மண்டப விரிவாக்கம் வரப் போகுது, அதோட சேர்த்துச் செய்யலாம்னு ஒருத்தர். வைபி ஒதுக்கீடு வரும்னு இன்னொருத்தர். ரெண்டும் நியாயமான காரணம்தான். ரெண்டுக்கும் தேதி இல்லை.

தலைவர் ஐயாவைக் குறை சொல்லி குழுவுல எழுதுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அவர் சொந்தக் கைக்காசு போட்டு இந்தக் கோயிலை நடத்தின மாசங்கள் உண்டு, எனக்குத் தெரியும். 11,600 எடுத்துச் செலவு பண்ணி, நாளைக்கு மண்டபம் கட்டும்போது அதே சுவரை இடிச்சா, ‘காசை வீணாக்கிட்டார்’னு முதல்ல எழுதப் போறதும் இதே குழுதான். அந்தப் பயம் அவருக்கு இருக்காதா? முடிவெடுத்து ஒண்ணு தப்பாப் போச்சுன்னா பேர் சொல்லித் திட்டுறோம். முடிவெடுக்காம பத்து தப்பாப் போனா யாரையும் திட்டுறதில்லை. இப்படி இருந்தா எந்தத் தலைவர் துணிஞ்சு கையெழுத்து போடுவார்?

குழுவுல போன வாரம் மட்டும் இந்த விஷயத்துக்கு 213 மெசேஜ் வந்திருக்கு. நான் உக்கார்ந்து எண்ணினேன், எனக்கு அன்னிக்கு லீவு. வருத்தம் இருக்கு, கோவம் இருக்கு, கும்பிடுற கை படம் நிறைய இருக்கு. ‘எவ்வளவு, எப்போ, யார்’னு கேட்ட மெசேஜ் ஒண்ணுகூட இல்லை.

அதனால நானும் சமையல்கட்டுத் தொண்டர்கள் ஏழு பேரும் சேர்ந்து ஒரு தாள் எழுதி செயலாளர் அக்காகிட்ட கொடுத்திருக்கோம். அதுல உள்ளது இவ்வளவுதான். 4,200 வெள்ளி வேலையை மட்டும் இப்ப கேக்கிறோம், நம்ம சங்க விதிப்படி பொதுக் கூட்டம் கூட்டாமலே நிர்வாகக் குழு கையெழுத்து போடக்கூடிய தொகை அது. மண்டபம் கட்டும்போது அந்தப் பெட்டியைக் கழட்டி வேற இடத்துல மாட்டிக்கலாம், காசு வீணாகாது. எரிசக்தி ஆணையத்துல பதிவு உள்ள வயர்மேன்தான் செய்யணும். ஆடி முதல் வெள்ளிக்கு மூணு வாரம் முன்னால வேலை தொடங்கினாத்தான் முடியும், அதனால வர்ற ஞாயிறு கமிட்டிக் கூட்டத்துலயே பதில் வேணும். ‘முடியாது’ன்னாலும் பரவாயில்லை, அதையும் எழுதிக் கொடுங்க.

பதில் வரலன்னா திங்கட்கிழமையில இருந்து அந்தச் சமையல்கட்டுல நாங்க யாரும் மின்சார சுவிட்சைத் தொடமாட்டோம். அன்னதானம் நிக்காது. வெளிய கூடாரம் போட்டு காஸ் அடுப்புல சமைப்போம், மாவு வீட்டுல அரைச்சுக் கொண்டு வருவோம். எண்ணூறு பேருக்கு முடியாது, நானூறு பேருக்கு முடியும். அப்படி நடந்தா வரிசையில நிக்கிற அன்பர்கள் தொண்டர்கள்கிட்ட கோவிச்சுக்க வேணாம், காரணம் இப்பவே சொல்லிட்டோம். அந்த நேரா இழுத்த வயரை மட்டும் யாரையும் கேக்காம நேத்து ராத்திரி மெயின் சுவிட்சை அடைச்சிட்டு ஒரு வயர்மேனை வச்சுக் கழட்டியாச்சு. கூலி 80 வெள்ளி, நான் கொடுத்துட்டேன், திருப்பித் தர வேணாம்.

பக்தர்கள்ல யாராவது பதிவு உள்ள வயர்மேன் இருந்தா, அல்லது உங்க சொந்தத்துல யாராவது இருந்தா, வெள்ளிக்கிழமை சாயரட்சை பூஜைக்கு முன்னால வந்து இடத்தைப் பார்த்து மூணாவது விலை ஒண்ணு கொடுங்க. கமிட்டி கையில மூணு விலை இருந்தா பொருளாளர் ஐயாவுக்கும் கணக்கு எழுத வசதி. தாளை யார் வேணும்னாலும் செயலாளர் அக்காகிட்ட வாங்கிப் படிக்கலாம். சமையல்கட்டு சாவி என்கிட்ட இருக்கு, ஆறு மணிக்கு மேல வீட்டுலதான் இருப்பேன்.